ஏரிக் கெளுத்தியின் உறவு

என் சித்தி மீன் அருங்காட்சியகத்தில் கெளுத்திகளை இனம் பிரிப்பவர். ஓர் ஏரியில் தான் பிடித்த ஆறு கெளுத்திகள் தனி இனம் என்று பதினோரு வருடங்களாகச் சொல்லிவந்தார். ஆற்றுக் கெளுத்திக்கு இருப்பதைப் போலவே அவற்றுக்கும் எட்டு மீசைகள்தான். தலையெலும்பின் வடிவம் மட்டும் வேறு. அது போதாது, மரபணுவிலும் வேறுபாட்டைக் காட்டுங்கள் என்று மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். சித்தி அந்த மீன்கள் இருந்த ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மரபணு ஆய்வகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

ஆய்வகப் பெண் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னக்கா, எல்லாத்தையும் ஃபார்மலின்ல ஊறுகாய் போட்டுட்டீங்களா? முதல்ல ஒரு துண்டு சதைய வெட்டி ஆல்கஹால்ல வைக்கலயா?"

"கெட்டுப்போயிடுமேன்னு அவசரத்துல அப்படியே போட்டுட்டேம்மா."

"ஃபார்மலின்ல மரபணு மொத்தமும் சிதைஞ்சிருக்கும்க்கா. புதுசா ஒண்ணு புடிச்சிட்டு வாங்களேன்."

"எங்க போய்ப் புடிக்கிறது? ஏரியத் தூர்த்து பஸ் டிப்போ கட்டிட்டாங்களே."

சித்தி அருங்காட்சியகத்துக்குத் திரும்பினார். ஜாடியைப் பழைய அலமாரியில் வைத்தார். அதன் சீட்டில் தான் பென்சிலால் எழுதியிருந்த புது இனப் பெயரை அழித்தார். எந்த இனத்துக்கு உறவு என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று மையால் எழுதினார்.