வெள்ளைக் கோடுகளின் முன் நான் காட்டிய கை

அந்தப் பெண்ணைச் சாலையில் இறக்கியவன் நான். மோதியது வேறொருவனின் மோட்டார் சைக்கிள். ஆனால் இறக்கியவன் நான்தான்! இதைப் போலீசிடம் சொல்லவில்லை, மனைவியிடம் சொல்லவில்லை, கோயிலில் கண்மூடி நிற்கும்போதுகூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது என்ற தைரியம்... வேறென்ன!

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். தொழிற்சாலையில் பொறியாளன். கம்பெனி என்னைச் சில ஆண்டுகள் ஜெர்மனிக்கு அனுப்பியது. அங்கே கார் ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் முதலுதவி வகுப்புக்கும் போகவேண்டும். போனேன். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தி அழுத்தி உயிர் கொடுக்கப் பழகினேன். ஊர் திரும்பியபோது தலைக்கனமும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

அதன்பின் என் வாய் ஓயவில்லை. அங்கெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கார்கள் இரு பக்கமும் ஒதுங்கி நடுவில் வழி விடும். அங்கெல்லாம் தேவையில்லாமல் ஹாரன் அடிப்பது அசிங்கம். அங்கெல்லாம் சாலையைக் கடக்கப் போட்ட வெள்ளைக் கோட்டருகே ஒருவர் வந்து நின்றாலே கார் நின்றுவிடும். நான் "அங்கெல்லாம்" என்று வாயைத் திறந்தாலே போதும், "அப்பா மறுபடியும் பிளைட் ஏறிட்டாரு" என்று என் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும், இந்த ஊரில் யாருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் மச்சான் வந்தார். என் மனைவி மதுரைக்காரி. அவளுடைய அண்ணன் அங்கே வங்கியில் வேலை பார்ப்பவர். விடுமுறைக்கு எங்கள் வீட்டில் தங்க வந்திருந்தார். அமைதியான மனிதர், ஆனால் நாக்கில் கொஞ்சம் மிளகாய் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஜெலுத்தோங் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். வழக்கம்போல் மூன்று நாட்டுச் சாலைகளையும் தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனிக்காரன் சட்டத்தை மதிப்பவன், மலேசியாக்காரன் போலீசைக் கண்டால் மதிப்பவன், இந்தியாக்காரன் எதையும் மதிக்காதவன்... இப்படி.

மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி மாப்ள, அங்க நடுரோட்டுல மாடு படுத்திருந்தா என்ன பண்ணுவாங்க? இறங்கி வணக்கம் வச்சு எழுப்புவாங்களோ?" என்றார்.

நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

"உங்க ஊர்ல ஹாரனத்தான் பிரேக்குன்னு நெனச்சு ஓட்டுறாங்க மச்சான்."

"இருக்கட்டும். ஆனா நானும் வந்ததுலருந்து பாக்குறேன், உங்க ஊர்லயும் அந்த வெள்ளக் கோட்டுக்கு ஒருத்தரும் நிக்கக் காணோமே!"

"நான் நிப்பேன்," என்றேன்.

அந்த ஒரு சொல்... அந்த வீம்பு! அதைத்தான் இன்றுவரை மென்று விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

சந்தைக்கு எதிரே வெள்ளைக் கோடுகள் வந்தன. இடப்பக்க நடைபாதை விளிம்பில் ஒரு பெண்மணி, இரண்டு கையிலும் பைகளோடு நின்றிருந்தார். நான் காரை நிறுத்தினேன். மச்சானை ஓரக்கண்ணால் பார்த்தேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல.

அந்தப் பெண்மணி வரவில்லை!

அவர் என்ன செய்தார் தெரியுமா? பை தொங்கும் கையைத் தூக்கி, "நீ போ, நீ போ" என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு ஓரடி பின்வாங்கினார். எங்கள் ஊரில் கோட்டருகே நிற்கும் எவரும் அதைத்தான் செய்வார்கள். வண்டிகளெல்லாம் போய்த் தீரட்டும், பிறகு தாண்டலாம் என்று நிற்பார்கள். ஏனென்றால் ஒரு கார் நின்றது என்பதற்காக அதன் பின்னால் வருபவன் நிற்பான் என்று இங்கே எவரும் நம்புவதில்லை. நின்ற காருக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்து மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கப்படாத சொத்து. கார்க் கதவைத் திறக்கும் முன் இடப்பக்கக் கண்ணாடியைப் பார் என்று சிறு பிள்ளைக்குக்கூடச் சொல்லி வளர்க்கிறோம். எனக்குத் தெரியாதா? இந்த மண்ணில் ஓட்டிப் பழகியவனுக்கு அது தெரியாதா!

தெரியும். ஆனால் அந்த நிமிடம் என் கண்ணில் சந்தும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மச்சானின் உதட்டோரச் சிரிப்பு மட்டும் இருந்தது. நான் நின்றும் ஒருவர் தாண்டாவிட்டால் என் மானம் என்ன ஆவது?

ஹாரன் அடித்தேன். ஆம், அசிங்கம் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த அதே ஹாரன்! கையை வெடுக்கென்று வீசி, "வாங்க, வாங்க" என்று காட்டினேன். அவர் மறுபடி தலையசைத்தார். நான் மறுபடி வீசினேன், இந்த முறை கொஞ்சம் கோபமாக.

பாவம், யாரோ பெரிய மனிதர் வற்புறுத்துகிறார் என்று நினைத்திருப்பார். என்னைப் பார்த்து நன்றியாகத் தலையாட்டியபடியே இறங்கினார். சாலையைப் பார்க்கவேண்டிய கண்களை என் கையில் அல்லவா கட்டிப் போட்டுவிட்டேன்!

இடப்பக்கச் சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

ஓட்டி வந்தவன் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன், சுங்கை பாக்காப் ஊர்க்காரன். முழங்கால் கிழிந்து ரத்தம் ஒழுக, நொண்டிக்கொண்டே அந்தப் பெண்ணிடம் ஓடினான். நான் என்ன செய்தேன்? முதலுதவி படித்த நான்? காரைவிட்டு இறங்கி, அவனைப் பார்த்து, "கண்ணு தெரியலயாடா உனக்கு? கோட்டுல ஆளு தாண்டுறது தெரியல?" என்று கத்தினேன். கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. யாரோ அவன் கன்னத்தில் அறைந்தார்கள். சற்று நேரம் கழித்துத்தான் அந்தப் பெண்ணுக்கு மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும் என்பதே என் நினைவுக்கு வந்தது.

போலீஸ் விசாரித்தது. நிறுத்தினேன், அவர் தாண்டினார், பையன் வந்து மோதினான் என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை! பொய் சொல்லாமலே ஒருவனைக் கவிழ்க்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன். சட்டமும் என் பக்கம்தான். கோட்டருகே நிற்காதது அவன் பிழை என்று வழக்கு முடிந்தது. உரிமம் போயிற்று, அதோடு வேலையும் போயிற்று. இப்போது சிம்பாங் அம்பாட்டில் ஏதோ கிடங்கில் மூட்டை தூக்குகிறானாம்.

மச்சான் மட்டும் விபத்து நடந்த அன்று மாலையே மெதுவாகச் சொன்னார். "மாப்ள, நீங்க கை காட்டலேன்னா அந்தம்மா இறங்கியிருக்க மாட்டாங்க. போலீஸ்ல போய் ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"உங்க ஊர்ல இதெல்லாம் பெருசா எடுத்துக்குவாங்களா மச்சான்?" என்று கேட்டேன். அப்படியே கேட்டேன்! அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததேயில்லை. ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று மனைவி கேட்கும்போதெல்லாம் டிக்கெட் விலையைக் காரணம் காட்டுகிறேன்.

அந்தப் பெண்மணி பிழைத்துக்கொண்டார். ராஜேஸ்வரி அக்கா. ஆப்பக் கடை வைத்து, காலை முழுவதும் அடுப்பின்முன் நின்று பிழைத்தவர். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நிற்க முடியவில்லை, கடையை மூடிவிட்டார். தலையில் பட்ட அடியில் அன்று காலை நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. என் ஹாரன் இல்லை, என் கை இல்லை.

இதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? நிம்மதி! இதைவிடக் கேவலமான ஒரு நிம்மதியை எவனாவது அடைந்திருப்பானா?

தீபாவளிதோறும் அவர் வீட்டுக்குப் பழம், பலகாரம் எடுத்துக்கொண்டு போகிறேன். வருவோர் போவோரிடமெல்லாம், "இந்தத் தம்பிதான் எனக்காகக் காடிய நிப்பாட்டுனவரு. இந்தக் காலத்துல யாருலா இப்படி நிப்பாட்டுவா?" என்பார். நான் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன தீபாவளிக்கும் போயிருந்தேன். தேநீர் கொடுத்தார்கள். வாசலில் ஒரு குரல் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது. கையில் ஒரு பலகாரப் பெட்டியோடு அவன் நின்றிருந்தான்!

"அக்கா, திட்டுங்க, அடிங்க, பரவால்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன். நான் தூரத்துலயே உங்களப் பாத்தேன்கா. நீங்க நின்னுகிட்டிருந்தீங்க. பின்னால வேற போனீங்க. சரி, தாண்ட மாட்டாங்கன்னுதான் நான் வந்தேன். அப்புறம் ஏன்கா இறங்குனீங்க? தூங்கவே முடியலக்கா..."

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. என் இடுப்ப ஒடச்சிட்டு என்னையே கேள்வி கேக்க வந்துட்டான். தம்பி, அந்தக் கதவச் சாத்துங்க."

எழுந்து வாசலுக்குப் போனேன். அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

"அண்ணே! நீங்க முன்னாடிதானே இருந்தீங்க. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே, அவங்க ஏன் இறங்குனாங்க?"

"தெரியல தம்பி," என்றேன்.

கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளையும் போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது, அக்கா என் கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆறிப்போச்சே தம்பி என்று சொல்லி, வேறு தேநீர் போடச் சொன்னார்.

அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.