மேலேருந்து கீழ படிம்மா

போர்டு அண்ணன் ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டியிருப்பார். இடது காது கம்ப்யூட்டருக்கு, வலது காது தொலைபேசிக்கு. இடது காதுக்குள் ஒரு குரல் ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கும். திரையில் உள்ள எழுத்தைப் பேச்சாக மாற்றித் தரும் மென்பொருள் அது. ஒருமுறை அந்த ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். தகரக் கூரையில் மழை விழுவதுபோல் இரைச்சலாகத்தான் கேட்டது, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "பழகிட்டா ஒண்ணும் இல்லம்மா. எனக்கு இது மெதுவா படிக்கிற மாரி கீது" என்றார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை தொடங்கிய காலத்தில் டெலிபோன் ஆபரேட்டராக வந்து சேர்ந்தவர். எல்லோர் கையிலும் செல்போன் வந்தபிறகு ஸ்விட்ச்போர்டு போய்விட்டது. பெயரில் மட்டும் போர்டு தங்கிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவரைப் போக்குவரத்துப் பிரிவில் உட்கார வைத்திருந்தார்கள். கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று போனில் கேட்கும் தொழிலாளர்களுக்குப் பதில் சொல்வது அவர் வேலை.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. குன்றத்தூரில் ஒரு அறை எடுத்துத் தங்கி, உற்பத்தித் திட்டப் பிரிவில் வேலை பார்த்தேன். அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே இடுப்பளவு தடுப்பு ஒன்றுதான் இருந்தது. பஸ் அட்டவணையால்தான் எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அதில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வரி. அந்த வரியில் முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், மூன்றாம் ஷிப்ட், ஜெனரல் ஷிப்ட் என்று நேரங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். கண்ணால் பார்ப்பவர்களுக்கு இதில் சிரமம் இல்லை, வேண்டிய ஷிப்டுக்கு நேர்கீழே விரலை ஓட்டினால் போதும். அவருடைய மென்பொருளோ இடமிருந்து வலமாகத்தான் படிக்கும். முதல் ஷிப்ட் பஸ் எங்கெங்கே வரும் என்று ஒருவர் கேட்டால், எல்லா நிறுத்தங்களின் எல்லா நேரங்களையும் கேட்டு, வேண்டியதை மட்டும் பொறுக்கி மனத்தில் வைத்துக்கொண்டு அவர் பதில் சொல்லவேண்டும். அதற்குள் கேட்டவர் போனை வைத்துவிடுவார். மொத்தமாக மனப்பாடம் செய்துவிடலாம் என்றால் அட்டவணை தினமும் மாறும். ஒரு உற்பத்தி லைனுக்கு ஓ.டி. என்ற கூடுதல்நேர வேலை இருக்கும், ஒரு பஸ் பழுதாகி நிற்கும், மழை பெய்தால் ஏரித் தண்ணீர் சாலைக்கு வந்து வழியே மாறிப்போகும். அதனால் காலையில் புது அட்டவணை வந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் மேலேருந்து கீழ படிம்மா" என்பார்.

ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. ஊரைவிட்டு வந்த புதிதில் பேச ஆளில்லாமல் இருந்தேன். வேலைக்கு வரும் வழியில் பார்த்ததையெல்லாம் சேர்த்து நிதானமாகப் படிப்பேன். குன்றத்தூர் மலையடி நிறுத்தம் என்று படித்தால், இன்றைக்குக் கிருத்திகை, கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை என்று சொல்வேன். பிள்ளைப்பாக்கம் என்று வந்தால், அங்கே சாலையோரம் ஒரே வயலில் ஒரு பாதி நாற்று நட்டும் மறுபாதியில் மனைக்கல் ஊன்றியும் இருப்பதைச் சொல்வேன். பிள்ளைப்பாக்கம் அவருடைய சொந்த ஊர். அந்த வயல் யாருடையது, மறுபாதி எந்தச் சண்டையில் கைமாறியது என்று அவர் சொல்லுவார். "உங்க ஊருத் தமிழ்ல கேட்டா பஸ் டைம் கூட நல்லாத்தான் கீது" என்று கேலி செய்வார். டீ வரும், குடிப்போம். மேலிருந்து கீழே நான்கு நெடுவரிசைகளையும் படித்து முடிக்கும்போது அவருக்கு எல்லாம் மனத்தில் ஏறியிருக்கும்.

அது எப்போது எனக்குச் சுமையாயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. புது மேனேஜர் வந்தார், காலைக் கூட்டத்துக்கு முன்பே அறிக்கை வேண்டும் என்றார். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் மேனேஜர் வருவதற்கு முன்பே, நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் எனக்குள் ஏதோ சுருங்க ஆரம்பித்திருந்தது. வயல், கோயில் எல்லாம் முதலில் நின்றன. பிறகு வேகமாகப் படிக்கத் தொடங்கினேன். "இன்னொரு தபா" என்று அவர் கேட்டால் மீண்டும் படிப்பேன். மறுத்ததே இல்லை. முகத்தில் சலிப்பைக் காட்டினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை என்ற தைரியம் எனக்கு இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பிள்ளைப்பாக்கத்தில் பஸ் நிற்கும் இடம் மாறியது. வழக்கமான கூட்ரோடு நிறுத்தத்தில் தண்ணீர் தேங்கியதால், மறுநாள் முதல் ஷிப்ட் பஸ் ஏரிக்கரை நிறுத்தத்துக்கு வரும் என்று அட்டவணையில் போட்டிருந்தார்கள். நான் அதைச் சரியாகத்தான் படித்தேன். மறுநாள் காலை, சீருடை முழுக்க நனைந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் எங்கள் அறைக்குள் வந்து நின்றாள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி, பயிற்சித் தொழிலாளியாக இருந்தவள். முந்தின நாள் அண்ணன் போனில் சொன்னபடி கூட்ரோட்டில் நின்று நின்று பார்த்து, லாரிகள் வாரியடிக்கும் சேற்றில் நடந்தே வந்திருக்கிறாள். பயிற்சிக் காலத்தில் தாமதமாக வந்தால் வேலை நிரந்தரமாவது சந்தேகம். அழுகையும் கோபமுமாக, "நீங்க சொன்ன எடத்துலதான நின்னேன். கண்ணு தெரியாதவர எதுக்கு இந்த வேலைக்கு வச்சிருக்காங்க?" என்றாள். அண்ணன் எழுந்து நின்று, "என் தப்புதாம்மா. தப்பா காதுல வாங்கிட்டேன்" என்றார். போக்குவரத்து அதிகாரி அவளை உட்கார வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "உனக்குக் காதுதான்யா எல்லாம். அதுவும் ஒழுங்கா இல்லன்னா இங்க இன்னா வேலை?" என்றார். அண்ணன் அதற்கும் தலையாட்டினார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பாவம், வயதாகிறது, காது மந்தமாகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு வழி தேடினேன். என் வேலைக்காகக் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்யக் கொஞ்சம் கற்றிருந்தேன். படமும் பொத்தானும் இல்லாமல், ஒரு வரி எழுதி என்டர் தட்டினால் வேலை முடியும் திரை அது. அட்டவணையை வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றிக் கொடுத்தால், குறுக்கே இருப்பதை நெடுக்காகவும் நெடுக்கே இருப்பதைக் குறுக்காகவும் திருப்பிப்போடும் கட்டளை ஒன்று அதில் இருந்தது. திருப்பிவிட்டால் ஒவ்வொரு ஷிப்டும் ஒரே வரியாகிவிடும், அவருடைய மென்பொருள் இடமிருந்து வலமாகப் படித்தாலே போதும். முதல் தடவை ஓட்டிக் காட்டியபோது அண்ணன் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "டைம் மட்டும் வரிசையா சொல்லிக்கினே போவுது. எந்த ஸ்டாப்புக்குன்னு சொல்லலையே" என்றார். ஊர்ப் பெயர்கள் எல்லாம் மேல் வரிக்குப் போய்விட்டிருந்தன. ஒவ்வொரு நேரத்துக்கும் முன்னால் ஊர்ப் பெயரை ஒட்டும்படி இன்னொரு கட்டளை சேர்த்தேன். பஸ் வராத நிறுத்தங்களில் கட்டம் காலியாக இருந்ததால், அடுத்த ஊரின் நேரம் அங்கே வந்து ஒட்டிக்கொண்டது. "காலியா இருந்தா காலின்னே சொல்லட்டும்மா, நமக்கு இன்னா" என்றார். அதையும் சேர்த்தேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு சொல்லுக்குள் அடக்கி, அந்தச் சொல்லைத் தட்டினால் நான்கு ஷிப்டும் நான்கு வரியாக வந்து நிற்கும்படி செய்துகொடுத்தேன். அவரே தட்டினார். "முதல் ஷிப்ட், குன்றத்தூர் மலையடி" என்று தொடங்கிய குரலை முடியும்வரை கேட்டார். பிறகு என் கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். நான் அப்போது யோசித்தது நாளைக் காலையிலிருந்து எனக்குக் கிடைக்கப்போகிற நேரத்தைப் பற்றித்தான்.

எங்கள் தொழிற்சாலையில் வேலையை எளிதாக்கும் யோசனை எதுவானாலும் கைசன் என்று எழுதிக் கொடுக்கலாம், நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பாராட்டுவார்கள். மேனேஜர் சொல்லி நானும் எழுதிக் கொடுத்தேன். தாளின் இடப்பக்கம் 'முன்பு', வலப்பக்கம் 'பின்பு'. முன்பு என்ற தலைப்பின் கீழ், "பார்வையற்ற ஆபரேட்டர், அட்டவணையைப் பிறர் படிக்கக் கேட்டுப் பதில் சொல்கிறார். தவறாகக் கேட்பதால் பிழை நேர்கிறது" என்றும், பின்பு என்ற தலைப்பின் கீழ், "யாரும் படிக்கத் தேவையில்லை. பிழையும் இல்லை" என்றும் எழுதினேன். கேன்டீன் போகும் வழியிலுள்ள பலகையில் என் படத்தோடு அதை ஒட்டினார்கள். பாராட்டுக் கூட்டத்தில் அண்ணனையும் பேசச் சொன்னார்கள். தங்கச்சி எனக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு நெளிந்தது. அவரிடமிருந்து விடுபடச் செய்ததற்கு அவரே நன்றி சொல்கிறாரே என்று தோன்றியது. ஆனாலும் நன்மைதானே நடந்தது என்று அதை ஒதுக்கிவிட்டேன். அதன்பிறகு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கவில்லை. பார்த்தால் வணக்கம், பண்டிகை வந்தால் வாழ்த்து, அவ்வளவுதான்.

போன வருடம் மறைமலை நகரில் உள்ள எங்கள் இன்னொரு பிரிவுக்கு அவராகவே மாற்றல் கேட்டு வாங்கினார். மனைவியின் வீடு அங்கே இருந்தது. கடைசி நாள் சாப்பாட்டு வேளையில் கேன்டீனிலிருந்து அவர் கையைப் பிடித்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். பலகையில் அந்தத் தாள் நிறம் வெளுத்து இன்னும் இருந்தது. மனத்தில் எதுவோ உறுத்த, "அண்ணே, அந்தக் கைசன்ல நீங்க தப்பாக் கேட்டதா எழுதிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றேன்.

அவர் நின்றார். "நான் தப்பா கேக்கலம்மா. இன்னொரு தபா கேக்கல, அவ்ளோதான்."

எனக்குப் புரியவில்லை.

"பிள்ளைப்பாக்கம்னு சொன்ன. கூட்ரோடா, ஏரிக்கரையான்னு சரியா விழல. கேக்கலாம்னு வாயெடுத்தேன், நீ பெருமூச்சு விட்ட. கொஞ்ச நாளாவே அப்பிடித்தான் மூச்சு விட்டுக்கினு இருந்த. சரி, வேணாம்னு நானே கூட்ரோடுன்னு முடிவு பண்ணிக்கினேன்."

"அப்புறம் ஏண்ணே தெனமும் என்கிட்டயே வந்தீங்க?"

"வேற யாரு படிப்பாங்க? தெரியாத மாரி வந்துக்கினு இருந்தேன்."

"அந்தப் பிள்ள வந்து நின்னு சத்தம் போட்ட அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டு மறுநாள் எப்பிடிம்மா உன்கிட்ட வந்து உக்கார்றது?" என்றார். குரலில் கோபம் இல்லை. "கமாண்டு வந்தது நல்லதாப் போச்சு. அது மூச்சு விடாது பாரு."

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது, கேட்கவில்லை. அவரே, "அந்தத் தாளுல இன்னா எழுதிக்கிறன்னு செக்யூரிட்டி ஒருத்தரு அப்பவே படிச்சிக் காட்டினாரு. தத்தித் தத்திப் படிச்சாரு. நீ எழுதினதாச்சே, நீ ஒரு தபா படி" என்றார். சாப்பிட்டுவிட்டு ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். முன்பு என்ற தலைப்பிலிருந்து தொடங்கி, மேலிருந்து கீழே, ஒரு சொல்லும் விடாமல் படித்தேன். பிறகு வலப்பக்கம் போய், யாரும் படிக்கத் தேவையில்லை என்பதையும் படித்தேன். தலையைச் சற்றுச் சாய்த்து முடியும்வரை கேட்டார். "நல்லா படிக்கிற. மொதல்ல இப்பிடித்தான் படிச்சிக்கினு இருந்த" என்றார்.

அன்றைக்கு மழையில் நனைந்து வந்த பெண்ணுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இப்போது ஒரு லைனுக்குப் பொறுப்பாக இருக்கிறாள், குன்றத்தூரில் நான் ஏறும் பஸ்ஸில்தான் வருகிறாள். அவளிடம் சொல்லவேண்டும் என்று பலநாள் நினைத்து, சென்ற வாரம் ஒரு காலையில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவர்மேல் தப்பில்லை, நான் படித்த விதத்தால்தான் நீ கூட்ரோட்டில் நின்றாய் என்றேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கண்ணு தெரியாதவரன்னு அவர் முன்னாடியே சொல்லிட்டேன்க்கா. எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன்" என்றாள். பிறகு, "அவரு நம்பர் இருக்கா?" என்று கேட்டாள்.

கொடுத்தேன். பிறகு பார்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் உடனே அழைத்தாள். பஸ் பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. இரைச்சலில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் மறுகாதைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணே, அன்னைக்கு நனைஞ்சுட்டு வந்து உங்ககிட்ட சத்தம் போட்டவ பேசுறேன்" என்றாள். எதற்கோ சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடுவே போனை என் பக்கம் நீட்டி, நீங்களும் பேசுறீங்களா என்று சைகையில் கேட்டாள்.

நான் அப்புறம் பேசுகிறேன் என்று கையசைத்துவிட்டேன்.