கன்னியப்பனைக் கூப்பிட்ட வராந்தா

வீட்டு வாசலுக்குப் பழைய தேக்குக் கதவு ஒன்று வாங்கலாம் என்று போன வாரம் சென்னீர்குப்பம் போயிருந்தேன். இடித்த கட்டடங்களின் மரம் விற்கிற கடை. ஜன்னல்களுக்கும் உத்தரங்களுக்கும் நடுவே ஒரு சாட்சிக் கூண்டு சாய்ந்து நின்றது.

"அத்த ஓட்டல்காரர் ஒருத்தர் கேட்டுகினு கீறாரு சார். கல்லா வெச்சிக்க தோதா இருக்குமாம்" என்றார் கடைக்காரர்.

குனிந்து தொட்டபோது அந்த வாசனை வந்தது. தேக்கு, பழைய வார்னிஷ், வௌவால் எச்சம். மூன்றும் கலந்தால் எனக்குப் பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய கோர்ட்தான். அங்கேதான் ஜூனியர் வக்கீலாகச் சீனியரின் குடையையும் வாய்தா கேட்கும் பொறுப்பையும் சில வருடங்கள் சுமந்தேன். இரண்டில் குடை பயன்பட்டது.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். காய்ச்சல் கண்ட சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரி அது என்பார்கள் குமாஸ்தாக்கள். குதிரை லாயம் என்பார்கள் வழக்குக்கு வருகிறவர்கள். எங்களைப் பார்த்தால் இரண்டாவதைத்தான் நம்பத் தோன்றும். கனத்த சுண்ணாம்புச் சுவர், கழுத்து வலிக்கிற உயரத்தில் தேக்கு விட்டங்கள், அவற்றின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளம். சுற்றிலும் வளைவு வைத்த வராந்தா. ஒரு முனையில் கூப்பிட்டால் குரல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரும், கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் தடித்து. வந்த புதிதில் என் இருமலையே பின்னால் கேட்டு, யாரோ பெரியவர் என்று திரும்பி வணக்கம் சொல்லியிருக்கிறேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காணாமல்போய் ஏழு வருடம் ஆனவரை இறந்தவராக அறிவிக்கும்படி யாராவது வழக்குப் போட்டால், தீர்ப்புக்கு முன்னால் டவாலி வராந்தாவில் நின்று அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நானும் தேடவில்லை, சட்டப் புத்தகங்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு மரியாதையான தூரம் உண்டு.

மேனாம்பேட்டிலிருந்து ஜெகதாம்மாள் அப்படித்தான் எங்களிடம் வந்தார். அவர் கணவர் கன்னியப்பன் ஒருநாள் ஷிப்ட் முடிந்து தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தார், வீட்டுக்கு வரவில்லை. இறந்துவிட்டார் என்று கோர்ட் சொன்னால் அவர் வேலை மகளுக்குக் கிடைக்கும். மகளுக்கோ வயது வரம்பு தாண்டப்போகிறது.

"சும்மா நின்னுகினு இருக்காத வக்கீலு. இன்னிக்கே முடிச்சுக் குடு" என்றார் என்னிடம். சும்மா நிற்பதில்தான் நான் அதுவரை பெயர் வாங்கியிருந்தேன்.

பட்டப்பகல். டவாலி மாசிலாமணி வராந்தாவுக்குப் போய், "கன்னியப்பன்" என்று கூப்பிட்டார். குரல் சுற்றி வந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டார். குரல் சுற்றி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குரலும் வந்தது.

"தோ, வந்துகினே கீறேன்."

நீதிபதி பேனாவை மூடினார். "யாரப்பா அது? போய்ப் பாருங்க."

மாசிலாமணி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். "ஒருத்தரும் இல்லீங்க ஐயா. வெளிய டீக்கடையில யாராச்சும் பேசியிருப்பாங்க."

இருக்கலாம். வெளியே டீக்கடை இருந்தது உண்மை. அன்று அது திறக்கவில்லை என்பதும் உண்மை.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் குரலா அது?" என்று கேட்டார் நீதிபதி.

ஆமென்றால் வழக்கும் போச்சு, மகளின் வேலையும் போச்சு. ஜெகதாம்மாள் வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க" என்றார். பிறகு மாசிலாமணியிடம், "மூணாவது தபா கூப்புடு அண்ணாத்தே."

கூப்பிட்டார். பெயர் மட்டும் தனியாகச் சுற்றி வந்தது. தீர்ப்பு கிடைத்தது.

வெளியே நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைத் தாண்டி வராந்தாவின் கோடிக்குப் போனார். ஆளில்லாத வளைவைப் பார்த்துத் தணிந்த குரலில், "பொண்ணுக்கு வேலை ஆவணும்யா. கோச்சுக்காத" என்றார்.

மகள் வேலைக்குப் போனாள். ஜெகதாம்மாள் மட்டும் அவ்வப்போது வந்து அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பார்.

"இன்னாம்மா, இன்னொரு கேஸா?" என்று சீண்டுவார் மாசிலாமணி.

"ஏன், நெழலுக்கு வாடகை கேக்கப் போறியா?"

பிறகு சுவரில் விரிசல் கண்டது. கோர்ட் நாலு மாடிப் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பலகையில் எண் ஓடுகிறது. பழையதை இடித்த அன்று வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஜெகதாம்மாளும் வந்திருந்தார். வராந்தாவின் கடைசி வளைவும் விழுந்து தூசி அடங்கியபோது, அங்கே வெறும் வெயில்தான் இருந்தது.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஒரு தீர்ப்பு வாங்கிக் குடுத்தியே வக்கீலு. இன்னிக்குதான் அது நெசமாச்சு."