யானைக்கு முன்னால் சலங்கையோடு

வஸ்கமுவ தேசியப் பூங்காவுக்குக் கோலாட்டம் ஆடப் போன கதையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றும் சிரிப்பார். பூங்கா பங்களாவில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஒரு பின்னேரம் கலை நிகழ்ச்சி வைத்தார்கள். மாத்தளையில் கோயில் திருவிழாவுக்கு ஆடுகிற எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நாங்கள் ஆறு பெண்கள்; ஒருத்திகூட நாற்பதுக்குக் கீழே இல்லை. எங்களுக்குத் தலைவி, ரிட்டயரான நர்ஸ் அக்கா. அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

வழியில் வேன் டயர் போய், பிந்திவிட்டோம். வாசலில் பூங்கா ஜீப்புக்கு மாறும்போதே அக்கா உத்தரவு போட்டார்:

"சலங்கைய இங்கேயே கட்டிக்கங்க. அங்க போய் கட்ட நேரமில்ல."

கட்டினோம். ஜீப் ஒவ்வொரு பள்ளத்திலும் விழும்போது 'ஜல் ஜல்' என்றது. முன்சீட்டில் இருந்த வழிகாட்டி திரும்பித் திரும்பி எங்கள் கால்களையே பார்த்தார்.

ஒரு வளைவு தாண்டியதும் பாதை நடுவில் ஒற்றை யானை. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். வழிகாட்டி சிங்களத்தில் கிசுகிசுத்தார்: "நோனாமாரே, சின்னச் சத்தமும் வரக் கூடாது."

அக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு எங்கள் கால்களை.

"எல்லாரும் காலத் தூக்கிக்கங்க. ஆட்டாதீங்க!"

பட்டுச் சேலையோடு ஆறு பேரும் கால்களை முன்னே நீட்டி, அந்தரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். யானைக்கு அவசரமே இல்லை. ஒரு கிளையை முறித்துத் தின்றது. மரத்தில் முதுகைச் சொறிந்தது. எனக்குத் தொடை நடுங்கியது. பக்கத்தில் இருந்த எங்கள் குழு டீச்சர் என் கையைக் கிள்ளினாள்.

"கால் பிடிச்சிக்கிச்சுடி. முடியல."

"தாங்கிக்க!"

"முடியலங்கிறேன்!"

'ஜல்!'

நான் அவள் காலைப் பிடிக்கப் போய் என் காலும் விழுந்தது. மற்றவர்களுக்கும் அதற்குமேல் தாங்கவில்லை. ஜீப்பே குலுங்கியது. யானை காதை விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. வழிகாட்டி கண்ணை மூடிக்கொண்டார். நான் முத்துமாரியம்மனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன்.

யானை சட்டென்று திரும்பி, செடிகொடியெல்லாம் நொறுங்கக் காட்டுக்குள் ஓடிவிட்டது.

வழிகாட்டி மெல்லக் கண்ணைத் திறந்தார். "நாங்க வெடி போட்டாக்கூட இவன் நகர மாட்டான்," என்றார், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

பங்களாவுக்குப் போனால் பயணிகள் யாருமில்லை. எங்களுக்காகக் காத்திருந்து சலித்து, யானை பார்க்கக் கிளம்பிவிட்டார்களாம். அக்காவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "வந்த வேலைய முடிச்சிட்டுத்தான் போவோம்," என்று கோலைக் கையில் எடுத்தார். சமையல்காரரும் காவலாளிகளும் வட்டமாக உட்கார, ஆட ஆரம்பித்தோம்.

பாதி ஆட்டத்தில் பயணிகள் திரும்பி வந்தார்கள். ஒரு யானையைக்கூடக் காணவில்லையாம். முகமெல்லாம் வாடிப் போயிருந்தது. எங்களுக்கோ கால் நடுக்கம் இன்னும் விடவில்லை. டீச்சர் அடி தப்பி என் முழங்கையில் கோலால் ஒன்று போட்டாள். நான் "ஐயோ!" என்று துள்ளினேன். அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து, அவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.