தெருப்பக்கத்து ஜன்னல்

காலை பதினொன்று இருபதுக்குத்தான் எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. எங்கள் பகுதி உணவுத் திருவிழாவில் என் மகள் போட்டிருந்த மேசைக்கு வந்த முதல் இருவர், அட்டையைப் படித்ததும் திரும்பிப் போனார்கள். ‘மாட்டுக்கறி வறுவல்’ என்று பெரிதாக எழுதியிருந்தாள். பெண்ணாடத்தில் என் தம்பி கரும்புத் தோகை போட்டு வளர்த்த காளையின் கறி.

“வெறும் கறி வறுவல்னு எழுதுன்னு சொன்னேனே பாப்பா?”

“என்ன கறின்னு கேக்க மாட்டாங்களாம்மா?”

சட்டியிலிருந்து மிளகும் தேங்காய்ப் பல்லும் வறுபடும் வாசனை எழுந்தது. சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமை இந்த வாசனை கிளம்புமுன் அம்மா தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவாள், சாம்பிராணி போடுவாள். பீங்கான் சூளையில் வேலை முடித்து வரும் அப்பா, “இன்னா, கறியாக்குறியா, பூசை பண்றியா?” என்று சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள். மீந்த கறியைக் கீறி உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்டு, மேலே தன் புடவையை விரிப்பாள். யாராவது கேட்டால் ஆடு என்று சொல்ல என்னைப் பழக்கியிருந்தாள். பள்ளி முடியும்வரை அப்படியே சொன்னேன்.

நாளை வகுப்பில் இவளை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் அட்டையைக் கவிழ்க்கப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் வந்தவர் அவளுடைய கணக்கு டீச்சர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “பார்சல் இருக்குதா?” என்று மெதுவாகக் கேட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வேணாம்மா, தட்டுலயே போடு. இங்கயே சாப்புடறேன்.”