மன்னியின் அமாவாசைகள்

மன்னி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஸ்ரீரங்கத்து வீட்டின் மொட்டை மாடிதான். வடாம் எடுக்கப் போவதாகக் கீழே சொல்லிவிட்டு, ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே ஏறி வருவாள். எடுத்த வடாமை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இருட்டத் தொடங்கிய வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். ஒரு பக்கம் கோபுரத்து விளக்கு, ஆற்றுக்கு அப்பால் மலைக்கோட்டை விளக்கு. "இந்த ரெண்டு வெளிச்சத்துக்கும் நடுவுல நக்ஷத்ரம் பாவம், எங்கேருந்து தெரியும், சொல்லு?" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து அம்மா கூப்பிட்டுவிடுவாள். "இதோ வந்துட்டேன்" என்று இறங்கிப் போய்விடுவாள்.

மன்னி என் அண்ணாவின் மனைவி. கல்லூரியில் பௌதிகம் படித்தவள். கொடைக்கானல் மலையில் வெள்ளைக்காரன் காலத்து வானாய்வுக்கூடம் ஒன்று இருக்கிறதே, அங்கே வகுப்போடு போவதற்குப் பேர் கொடுத்திருந்தாள். அந்தச் சமயம் பார்த்துக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நிச்சயமான பெண் ஊர் சுற்றக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அங்கே இருக்கிற தொலைநோக்கியில் ஒரு தடவை கண்ணை வைத்துச் சனி கிரகத்தின் வளையத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா? இதைக் கேட்ட அன்று அம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "சனி நம்மளப் பார்க்காம இருக்கணும்னு ஊரே வேண்டிக்கறது. இவ என்னடான்னா அதைத் தேடிண்டு போய்ப் பார்க்கணுங்கறா!" மன்னியும் சிரித்துவிட்டாள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வானாய்வுக்கூடத்தில் பொதுஜனங்களை மாலையில் உள்ளே விடுவது அமாவாசையை ஒட்டிய நாள்களில் மட்டும்தான். நிலா இருந்தால் வானம் வெளுத்துப் போகுமாம். எங்கள் வீட்டிலோ நிலா இல்லாத நாள் ஒன்றுகூட மன்னிக்குச் சொந்தமில்லை. ஏகாதசிக்குப் பட்டினி, துவாதசிக்கு விடிவதற்கு முன்பே அடுப்பேற்றித் தளிகை, அமாவாசைக்குத் தர்ப்பணம். அண்ணா தாம்பாளத்தில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு சரி. மடிப்புடவையைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் வேகிறது மன்னி. காக்காய்க்குச் சாதம் வைத்து, அண்ணாவுக்கு இலை போட்டு, பாத்திரம் ஒழித்துப்போட்டு நிமிர்ந்தால் அண்ணாவின் ராத்திரிப் பலகாரத்துக்கு அரிசி உடைக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி, உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு மட்டும் வரும்.

இத்தனைக்கும் மன்னி எங்கள் அப்பாவைப் பார்த்ததுகூடக் கிடையாது. அவர் போன பிறகு வந்தவள். பார்த்தே இராத மாமனாருக்காக மாசாமாசம் கட்டிப்போட்டாற்போலக் கிடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா என்றால் எனக்கு உயிர்தான். ஆனாலும் அவர் படத்துக்கு முன்னால் நின்று, "ஒரே ஒரு மாசம் இவளுக்கு லீவு குடேன்ப்பா" என்று சண்டை போட்டிருக்கிறேன். அம்மாவிடம் வாய் திறந்தால், "உன் நாட்டாமையெல்லாம் எடமலைப்பட்டி புதூர்ல உன் புக்காத்தோட வெச்சுக்கோ" என்று வெட்டிவிடுவாள். நானும் கோபத்தோடு பஸ் ஏறி வந்துவிடுவேன்.

அண்ணா கெட்டவன் இல்லை, மந்தம். ஒரு வருஷம் அவனுக்கே திடீரென்று ஞானம் வந்து, யாரிடமும் மூச்சுவிடாமல் கார் ஏற்பாடு செய்தான். கொடைக்கானல் என்றதும் மன்னி இடுப்பில் செருகிய தலைப்பை உதறிக்கொண்டு ஓடி வந்து ஏறினாள். என்னையும் வழியில் ஏற்றிக்கொண்டார்கள். மலைப்பாதையில் பாதி தூரம் போயிருப்போம். மரங்களுக்கு மேலே தாம்பாளம் மாதிரி நிலா எழும்பி வந்தது. அண்ணா, நான், டிரைவர் எல்லோரும் "அடடா!" என்றோம். மன்னி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏகாதசி இல்லை, தர்ப்பணம் இல்லை, கோயிலில் உற்சவமும் இல்லை என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி அண்ணா பொறுக்கி எடுத்த நாள், பௌர்ணமி! வானாய்வுக்கூடத்து வாசல் பூட்டியிருந்தது. காவல்காரர், "முழு நிலாவுல நட்சத்திரம் எங்கங்க தெரியப் போகுது? அமாவாசையை ஒட்டி வாங்க" என்றார். "நல்ல நாளாப் பார்த்துத்தானே அழைச்சுண்டு வந்தேன்" என்று அண்ணா என்னிடம் முறையிட்டான். அவன் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனசு வரவில்லை. "போனாப் போறது, வாங்கோ" என்று மன்னிதான் அவனைத் தேற்றினாள். திரும்பும்போது ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு அவள் அழுதது எனக்கு மட்டும் தெரியும்.

பிறகு அம்மா போனாள். தர்ப்பணத்தில் ஒரு பெயர் கூடியது, மன்னிக்கு வேலை குறையவில்லை. பிள்ளை படித்து அமெரிக்காவுக்குப் போனான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அண்ணாவும் போய்விட்டான். வருஷாப்திகத் திவசம் முடிந்து பிள்ளை அமெரிக்காவுக்குத் திரும்பியதும் நான் ஸ்ரீரங்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். "வர்ற அமாவாசைக்கு நாம கொடைக்கானல் போறோம்" என்றேன். மன்னி திடுக்கிட்டாள். "அமாவாசைக்கா? குழந்தை முதல் தடவையாத் தனியாத் தர்ப்பணம் பண்ணப் போறான். நான் ஆத்துல இல்லேன்னா எப்படி?" அவன் அங்கே எள் இறைக்க இவள் இங்கே எதற்கு வீட்டைக் காக்க வேண்டும்? அடுப்பு அணைந்த பிறகும் அந்த அடுப்படியை விட்டு அவளால் வெளியே வர முடியவில்லை. "வாத்தியார் வீடியோவுல மந்திரம் சொல்லித் தருவார். நீங்க பேசாம ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கோங்கோ" என்று இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன்.

நல்லவேளை, அன்று மேகமில்லை. வானாய்வுக்கூடத்து வாசலில் வரிசையாக நின்றோம். குளிர் எலும்பைக் குடைந்தது. கீழே சமவெளி ஊர்களின் விளக்குகள் பொட்டுப்பொட்டாகத் தெரிந்தன. மன்னி எட்டிப் பார்த்து, "இதுல நம்மூர் எதுடி?" என்றாள். "நம்மூர் அத்தனை கிட்டவா இருக்கு? இன்னிக்கு ஒரு நாள் அதை மறங்கோ" என்றேன். வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் ஒரே ஒருவர் பாக்கி. அப்போது பார்த்து மன்னியின் ஃபோன் அடித்தது.

பிள்ளைதான். அங்கே அப்போது காலை வேளை. "அம்மா, தர்ப்பணத்துக்கு உக்காந்துட்டேன். வாத்தியார் லைன்ல காத்துண்டிருக்கார். கொள்ளுப்பாட்டி பேர் மறந்துபோச்சும்மா." மன்னி உடனே வரிசையை விட்டு விலகினாள். "அம்மா, அடுத்தது நீங்கதான், வாங்க" என்று தொலைநோக்கிப் பக்கத்திலிருந்த இளைஞர் கூப்பிட்டார். அவள் அவரையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு வந்ததே கோபம்! ஃபோனைப் பிடுங்கினேன். "அது என் பொறந்தாம். எங்க பாட்டி பேரு எனக்குத் தெரியாதா? நீங்க போங்கோ!" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

மன்னி குனிந்து கண்ணை வைத்தாள். நான் அப்பா வழி, அவர் அப்பா வழி என்று ஒவ்வொரு பெயராகக் கடகடவென்று ஒப்பித்தேன். அவன் வாத்தியாருக்குத் திருப்பிச் சொன்னான். பிறகு, "அத்தை, அம்மா வழியும் சொல்லணுமாம். அம்மாவோட தாத்தா, பாட்டியெல்லாம் பேர் என்ன?" என்றான்.

அண்ணா அத்தனை வருஷம் இறைத்த எள்ளில் எங்கள் அப்பா வழி உண்டு, அம்மா வழி உண்டு. மன்னியின் மனிதர்களுக்கு அதில் இடம் கிடையாது. அவள் தாத்தா பேர் என்ன என்று அந்த வீட்டில் ஒருவரும், நான் உட்பட, கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. கிட்டே போய்த் தணிந்த குரலில், "மன்னி, உங்காத்துப் பேரெல்லாம் கேக்கறான்" என்றேன்.

மன்னி கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருக்கச் சொல்லு" என்றாள். "அவாள்லாம் என் மனுஷா. எனக்காகக் காத்துண்டிருப்பா."