ஆடை கட்டாத டின் பால்

பாலைப் பற்றி எனக்குச் சொல்லித்தர அன்றைக்குக் கோலாலம்பூரில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம், பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். ரயில்வேயில் தண்டவாளக் கட்டை தூக்க வந்தவன், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரே ஒரு மாட்டோடு தொழிலை ஆரம்பித்து, முப்பது வயசுக்குள் பதினாலு கறவை கட்டினேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் எழுத்து மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும்.

அந்தக் காலத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் தெருவில் பால்காரனை நிறுத்தி, பாலின் கனம் பார்க்கிற, கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலுக்குள் விடுவார். தண்ணீர் கலந்த பாலில் குழாய் தாழும். நல்ல பாலில் மிதந்து நிற்கும். தாழ்ந்தால் பால் சாக்கடைக்கு, நான் கோர்ட்டுக்கு. அதனால் நானும் அதே மாதிரிக் குழாய் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஆடையை வழித்து எடுத்துவிட்டால் பாலில் குழாய் இன்னும் மேலே ஏறும். அதன் பிறகு தண்ணீர் விட்டால் சரியான கோட்டுக்கு இறங்கி நிற்கும். ஆடை வெண்ணெயாகும், தண்ணீர் பாலாகும், இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுப் போவார். மற்ற பால்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். நான் ஒரு தடவைகூட மாட்டவில்லை.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. பிறந்த பத்தாம் நாள் தாய்க்குக் குளிர்காய்ச்சல் வந்து, பால் வற்றிப்போனது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி, பசும்பாலில் வெந்நீர் கலந்து கொடுக்கச் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரத் துவான்கள் வீட்டுக் குழந்தைகள் டின் பவுடர் பால் குடித்துக் கொழுகொழுவென்று இருந்ததைப் பால் ஊற்றப் போன பங்களாக்களில் பார்த்திருந்தேன். என் பிள்ளை மட்டும் ஏன் கொட்டகைப் பால் குடிக்க வேண்டும்?

“ஏங்க, பின்னாடி பதினாலு மாடு நிக்குது. டின்னுல என்னங்க இருக்கு?” என்றாள் என் மனைவி, ஜுரத்தோடு.

“மாட்டுக்காரன் பொண்ணுன்னு இவளை யாரும் சொல்லக் கூடாது” என்றேன்.

சீனர் கடையில் இரண்டு வகைப் பவுடர் இருந்தது. ஒரு டின்னில் குழந்தைப் படம், இன்னொன்றில் பூ. பூப் போட்டது பாதி விலை. கடை முதலாளி தவுக்கே, குழந்தைப் படம் போட்ட டின்னைத் தட்டிக் காட்டி, “இது பேபிக்கு. அது கோப்பிக் கடைக்கு லா” என்றார்.

படத்தைக் காட்டி எனக்கே பால் விற்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிவந்து, இரண்டு பாத்திரத்தில் ஒரே அளவு தண்ணீரில் ஒரே அளவு பவுடரைக் கரைத்தேன். படம் போட்டதில் மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன. பவுடர் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பூப் போட்டது ஆடையே கட்டாமல் சுத்தமாக இருந்தது. பிறகு கண்ணாடிக் குழாயை விட்டேன். பூப் போட்ட டின் பாலில்தான் குழாய் உயர்ந்து நின்றது.

விலைக்காக இல்லை. சத்தியமாக விலைக்காக இல்லை. குழாய் உயர்ந்து நின்றது, அதற்காக.

ஆடையை எடுத்தால் குழாய் ஏறும் என்பது தினமும் விடியற்காலையில் என் கை செய்துகொண்டிருந்த வேலை. கைக்குத் தெரிந்தது அன்றைக்குப் புத்திக்கு எட்டவில்லை. இன்ஸ்பெக்டரை ஏமாற்றின அதே குழாயை நான் நம்பினேன்.

குழந்தை நன்றாகத்தான் வளர்ந்தது. சர்க்கரையும் கூவைமாவும் சேர்த்துக் கொடுத்தோம். கை கால் உருண்டு திரண்டது. வருகிறவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டினேன்.

குவார்ட்டர்ஸில், ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒருவர் இருந்தார். அவர் வீட்டிலும் அதே மாதம் ஒரு பெண் பிறந்திருந்தது. அவர் யாரையும் நம்பாத மனிதர். மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கண் முன்னால் கறக்கச் சொல்லுவார். அந்த ஒரு வீட்டுக்குத்தான் ஆடையோடு, தண்ணீர் இல்லாத பால் போனது. ஒருநாள் கறந்துகொண்டிருக்கும்போது கேட்டார்:

“என்ன காணும், உம்மட பிள்ளைக்கு டின் பாலாமே? உம்மட மாட்டில உமக்கே நம்பிக்கை இல்லையோ?”

“எங்க பொண்ணு துவான் வீட்டுப் பிள்ளை மாதிரி வளருதுங்க.”

அவர் சிரித்தார். “சரி, சரி. டின்னில என்ன எழுதிக் கிடக்குதெண்டு பாத்தீரோ? ஒருக்காக் கொண்டு வாரும், வாசிச்சுச் சொல்லுறன்.”

வீடு நூறு அடி தூரம்கூட இல்லை. நான் கொண்டுபோகவில்லை. பாலைப் பற்றி ஒரு கிராணி எனக்கு வாசித்துச் சொல்வதா என்று செம்பைக் கொடுத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டாம் மாதம் குழந்தை வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதது. கண்ணின் வெள்ளை மினுமினுப்பு போய், காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி சுருங்கியது. சூடு என்று சொல்லி நல்லெண்ணெய் வைத்தோம். பத்து நாளில் கருவிழி மேல் புகை மாதிரி படர்ந்தது. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா பார்த்தார். புண்ணுக்குக் கட்டுப் போடும் தமிழ் டிரெஸர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

“என்ன பால் குடுத்தீங்கண்ணே?”

“டின் பாலுங்க. உசத்தியான பால்.”

“டின்னைக் கொண்டாங்க.”

சைக்கிளில் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். டிரெஸர் டின்னைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரல் வைத்தார். “ஆடை நீக்கிய பால். கைக்குழந்தைக்கு ஆகாதுன்னு போட்டிருக்குண்ணே.”

டாக்டரம்மா நிறையப் பேசினார். டிரெஸர் சுருக்கிச் சொன்னார்: “சதை வளர்க்கிற சத்து இதுல இருக்கு, எலும்புக்கும் இருக்கு. கொழுப்புதான் இல்ல. கண்ணுக்கு வேண்டிய சத்து அந்தக் கொழுப்புலதான் இருக்காம். ஆடையை எடுத்தப்பவே அதுவும் போயிடுச்சு. சாதாரணப் பசும்பால் குடுத்திருந்தாலே போதுமாம்.” பிறகு கேட்டார்: “நீங்க என்ன தொழில் பாக்குறீங்க?”

மனைவிதான் சொன்னாள்: “பால்காரருங்க.”

டிரெஸர் டின்னைக் கீழே வைத்தார். மனைவி சொன்னதை மட்டும் டாக்டரம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

மீன் எண்ணெய் கொடுத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கண் சுருங்கிப்போனது. இடது கண்ணுக்குப் பகல் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். அம்மை போட்டுக் கண் போனது என்று ஊராரிடம் சொன்னேன். மனைவி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னோடு அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவே இல்லை.

பிறகும் நான் வளர்ந்தேன். நாற்பது மாடு, கிள்ளானில் இரண்டு கடை வீடு, கோயிலில் முதல் மரியாதை. எல்லாம் என் கையால் வந்தது. ஆடை வழிப்பதை மட்டும் விட்டுவிட்டேன். நல்லவனாகிவிட்டேன் என்று அர்த்தமில்லை. பாத்திரத்துக்குப் பக்கத்தில் போனால் கை வரவில்லை. அதற்கு முந்திய ஏழெட்டு வருஷம் என் பாலைக் குடித்து வளர்ந்த குழந்தைகள் எத்தனை வீட்டில் இருந்தன என்பதை நான் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்காமல் இருக்கவும் முடிவதில்லை.

மகளுக்குப் பத்து வயசிருக்கும். கிராணியாரின் பெண் பள்ளிக்கூடம் விட்டு, இங்கிலீஷ் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு எங்கள் கொட்டகை வழியாகப் போனது. என் மகள் அந்தக் குரல் தேயும் வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, அந்தப் பொண்ணு நம்ம மாட்டுப் பால் குடிச்சுத்தானே வளர்ந்துச்சு?”

“யார் சொன்னா?”

“அம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “நம்ம மாட்டுல எனக்கு மட்டும் என்னப்பா கொறை இருந்துச்சு?”

மாடு கத்துகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். என் மகளுக்குக் காது கூர்மை. எந்த மாடும் கத்தவில்லை என்று அவளுக்குத் தெரியும்.